பிலோமினா வைத்த தீ

ஜூன் மாதம் பிறந்த கையோடு டெல்பர்ட் ஒரு புதுக் கோலைத் தோளில் சாய்த்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் வந்து நின்றான். பனை உயரத்துக்கு வளரும் சகுவாரோக் கள்ளியின் உச்சியில் பழுக்கிற பழத்தை நெம்பித் தள்ளும் கோல் அது. செத்து விழுந்த கள்ளிக்குள் எலும்பாக நிற்கும் மரக்கழிகளில் நீளமான இரண்டை ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பியால் இறுக்கி, முனையில் குறுக்கே ஒரு குச்சியைக் கட்டினால் கோல் தயார். அந்த வீட்டில் அக்காவுக்குக் கோல் செய்து தருவது தம்பியின் பொறுப்பு. அம்மா உயிரோடிருந்தபோது அம்மாவுக்கு மாமா செய்து தந்தார்.

"இந்த வருஷம் நம்ம மேட்டுக்குப் போகாத அக்கா," என்றான் டெல்பர்ட். "பாத்தா மனசு தாங்காது. வெர்னா மேட்டுல பறிச்சுக்கோ. நான் அவகிட்டச் சொல்லி வெச்சுட்டேன்."

தீயணைப்புக் குழுவுக்குத் தலைவன் அவன். இந்த வருஷமும் மலைக்கு மலை எரிகிறது. வீட்டில் படுத்துத் தூங்கவே அவனுக்கு நேரமில்லை. அதற்கு நடுவிலும் அக்காவை நினைத்து உட்கார்ந்து கோல் கட்டியிருக்கிறானே என்று பிலோமினா உருகிப் போனாள். காபி ஊற்றிக் கொடுத்தாள். பயறும் மிளகாய்க் கறியும் வைத்துப் பெரிய கோதுமை ரொட்டியை மடித்துக் கையில் திணித்தாள். அவன் நின்றபடியே தின்றுவிட்டுக் கிளம்பிப் போனான். வண்டி போன திசையில் அவள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்படி ஒரு தம்பி யாருக்குக் கிடைப்பான் என்று நினைத்தாள்.

'நம்ம மேடு' போன வருஷம் எரிந்தது. அதற்கு அதிகாரிகள் ஏதோ ஒரு பெயர் வைத்தார்கள். ஊர் வைத்த பெயர் 'பிலோமினா தீ'. கடையில், கோயிலில், பெட்ரோல் போடும் இடத்தில், அவள் நிற்பது தெரியாமலும் தெரிந்தும் சனங்கள் அந்தப் பெயரைச் சொன்னார்கள். பிலோமினா தீக்கு முன்னால், பிலோமினா தீக்குப் பின்னால் என்று காலத்தைக் கணக்கு வைக்கிற அளவுக்கு அது ஊரில் ஊறிவிட்டது.

ஓதாம் பழங்குடிச் சனங்களில் ஒவ்வொரு குடும்பத்துக்கும் பழம் பறிக்க ஒரு மேடு உண்டு. கோடையில் மேட்டடியில் பந்தல் போட்டுத் தங்கி, விடிகாலையில் பறித்து, பகலில் பழத்தைக் காய்ச்சிப் பாகு எடுப்பார்கள். பிலோமினாவின் மேடு அவள் அம்மாவழி வந்தது. கிழக்கடியில் பந்தலும் அடுப்பும். மேட்டின் மறுபுறம், மேற்கே, வேலி போட்ட குட்டை. அது டெல்பர்ட்டின் மாடுகள் தண்ணீர் குடிக்கிற இடம். இரண்டுக்கும் நடுவில் சரிவு முழுக்க அவர்கள் நின்றார்கள். 'அவர்கள்' என்றுதான் சொல்ல வேண்டும். சகுவாரோவை ஓதாம் வீட்டில் யாரும் மரமென்று நினைப்பதில்லை. அவர்களும் ஆட்கள்தான். கல்லெறிகிற குழந்தைக்கு முதுகில் இரண்டு விழும். பக்கவாட்டில் ஒரு கை முளைக்கவே ஒரு மனிதனின் ஆயுசு பிடிக்கும் அவர்களுக்கு. நாலு கை, ஐந்து கையோடு நிற்பவரைப் பார்த்தால், பாட்டன் பூட்டன் காலத்தில் பிறந்தவர் என்று மரியாதையாக ஒதுங்கி நடப்பார்கள்.

அந்தப் பாலைவனம் எரியப் பிறந்ததல்ல. ஒரு செடிக்கும் இன்னொரு செடிக்கும் நடுவே வெறும் மண்தான் கிடக்கும். தீ பிடித்தாலும் அதற்குக் கால் வைத்து நடக்க இடமிருக்காது. எங்கிருந்தோ வந்து சேர்ந்த கொழுக்கட்டைப் புல் அந்த வெற்றிடத்தை எல்லாம் நிரப்பி, தீக்கு நல்ல ரோடு போட்டுக் கொடுத்துவிட்டது. வருஷாவருஷம் மாசியில் பிலோமினா சொந்தக்காரப் பெண்களைக் கூட்டிப்போய் மேட்டில் அந்தப் புல்லை வேரோடு பிடுங்குவாள். தீப்பிடித்த வருஷம் மட்டும் பிடுங்கவில்லை. குளிருக்கு நல்ல மழை பெய்து புல் இடுப்புயரம் நின்றது. டெல்பர்ட் வந்து, நீங்க ஏன் முதுகு ஒடியறீங்க, எங்க குழு மெஷினோட வந்து ஒரே நாள்ல முடிச்சுரும் என்றான். குழு வரவில்லை. காட்டுத்தீச் சீசன் சீக்கிரமே ஆரம்பித்துவிட்டது, ஆட்களை வேறு மலைக்கு அனுப்பிவிட்டார்கள் என்று காரணம் சொன்னான். மாடுகளுக்கு அந்தப் புல் என்றால் உயிர். இதையும் அதையும் சேர்த்து யோசிக்க அப்போது அவளுக்குத் தோன்றவில்லை. கூடப் பிறந்தவன் சொன்னால் யாருக்குத்தான் தோன்றும்?

தீப்பிடித்த அன்று அவள் பாகு காய்ச்சி முடித்து, அடுப்பை மூடிவிட்டு, வாளிகளை எடுத்துக்கொண்டு வெர்னாவின் பந்தலுக்குத் தண்ணீர் பிடிக்கப் போனாள். வெர்னா அவளுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாய் நீளம், கை அதைவிடத் தாராளம். இருவரும் பேசிக்கொண்டிருந்துவிட்டுத் திரும்பும்போது மேடு எரிந்துகொண்டிருந்தது. டெல்பர்ட் அதற்கு முன்பே அங்கே நின்றான். சட்டையெல்லாம் கரி. ஒற்றை ஆளாக மண்வெட்டியோடு போராடிக்கொண்டிருந்தான். புகை வானத்தில் தெரிவதற்கு முன்னால் வந்துவிட்டானே, இதல்லவா பொறுப்பு என்று பின்னால் ஊரே மெச்சியது.

காற்று ஓய்ந்து, தீயும் ஓய்ந்தபோது பந்தல் சாம்பலாகியிருந்தது. சொந்தக்காரர்கள் சுற்றி நின்றார்கள். டெல்பர்ட் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து அக்காவின் தோளில் கை வைத்தான். மெதுவாகத்தான் கேட்டான்.

"அக்கா, அடுப்ப அணைச்சியா?"

நாற்பது வருஷமாக ஒவ்வொரு கோடையிலும் அணைத்த அடுப்பு. ஏனம் கழுவின தண்ணீரை ஊற்றி, மண்ணை அள்ளிப் போட்டு, மேலே கல்லை வைப்பாள். கை தானாகச் செய்கிற வேலை. அப்படிச் செய்கிற வேலை எதுவும் தனியாக ஒரு நாளுக்கென்று நினைவில் நிற்பதில்லை. அன்றைக்கு ஊற்றினோமா, முந்தின நாள் ஊற்றியதுதான் நினைவில் இருக்கிறதா என்று அவள் தேடித் தேடிப் பார்த்தாள். "எப்பவும் அணைப்பேனே," என்றாள். அதைச் சொல்லும்போதே குரல் இறங்கிவிட்டது. சுற்றி நின்றவர்கள் அடுப்பிருந்த இடத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையிலேயே தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

விசாரிக்க வெளியிலிருந்து ஆட்கள் வந்தார்கள். டெல்பர்ட்தான் கூடப் போய் இடத்தைக் காட்டினான், அவர்களோடு பேசினான். காரணம் தெரியவில்லை என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். நான் பாத்துக்கிட்டேன் அக்கா, உன்மேல ஒண்ணும் வராது என்றான். பிலோமினா அவன் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். தீயில் தப்பிய பாகுப் பானைகளில் பெரியதை அவன் வண்டியில் ஏற்றிவிட்டாள். அவனுடைய குழுவுக்குச் சீசன்தோறும் ரொட்டி சுட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதென்று தனக்குள் நேர்ந்துகொண்டாள்.

அந்தச் சீசன் முடிகிற பாடாக இல்லை. தெற்கே எல்லைமலை எரிந்தது. வடக்கே புல்வெளி எரிந்தது. சூரியன் செம்புத் தட்டு மாதிரி புகைக்குள் ஏறி, புகைக்குள்ளேயே இறங்கியது. பிலோமினா மாவு பிசைந்தாள், சுட்டாள், சுமந்துபோய்த் தீயணைப்புக் கொட்டகையில் இறக்கினாள். ஒவ்வொரு ரொட்டியைத் தட்டும்போதும் மேட்டில் நின்ற ஒவ்வொருவரையும் நினைத்துக்கொண்டாள். மேட்டுப் பக்கம் மட்டும் போகவில்லை. செத்தவர் வீட்டுக்குக் கொன்றவள் எந்த முகத்தோடு போவாள்?

இனிமேல் யாரும் மேட்டடியில் அடுப்பு மூட்டக் கூடாது, பழத்தை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கேஸ் அடுப்பில் காய்ச்ச வேண்டும் என்று வட்டாரத்தில் உத்தரவு போட்டார்கள். கேஸில் காய்ச்சிய பாகில் புகை வாசம் ஏது? பெண்கள் பிலோமினாவைத் திட்டிக்கொண்டே காய்ச்சினார்கள். வெர்னா நேரிலேயே கேட்டாள், ஊரெல்லாம் பாகு காய்ச்சுது, நீ ஒருத்தி மலையவே காய்ச்சிட்டியேடி என்று. எல்லோரும் சிரித்தார்கள். பிலோமினாவும் சிரித்தாள், சிரித்துத்தான் ஆக வேண்டியிருந்தது. ஜூலையில் மழையைக் கூப்பிட எல்லா வீட்டுப் பாகையும் வட்டக் குடிசையில் ஒன்றாக ஊற்றிப் புளிக்க வைத்துக் குடிப்பார்கள். அந்த வருஷம் அவள் தன் வீட்டுப் பாகைக் கொண்டுபோகவில்லை. மழை சரியாகப் பெய்யவில்லை. அதற்கும் சிலர் அவளைத்தான் பார்த்தார்கள்.

இப்படி ஒரு வருஷம் ஓடிற்று.

டெல்பர்ட் கோல் கொடுத்துவிட்டுப் போன மறுவாரம் வெர்னா வந்தாள். வந்தவள் உட்காரக்கூட இல்லை.

"உன் ஆளுங்கெல்லாம் பூத்துப் பழுத்து நிக்கறாங்க. புறாவும் வௌவாலும் பந்தியில உக்காந்து தின்னுது. வீட்டுக்காரி நீ இங்க முக்காடு போட்டு மூலையில உக்காந்திருக்க."

"பழுத்திருக்காங்களா? நிஜமாவா சொல்ற?"

"பொய் சொல்றதுக்கு நான் என்ன ரேடியோவா? போயிப் பாருடி."

பிலோமினா அன்று பூராவும் வேலை ஓடாமல் திரிந்தாள். அடி கருகியவர்கள் பூத்திருக்கிறார்கள், காய்த்திருக்கிறார்கள் என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் அவளுக்குத் தெரிந்தது. மன்னித்துவிட்டார்கள். மறுநாள் விடிந்ததும் கோலையும் வாளியையும் வண்டியில் போட்டுக்கொண்டு மேட்டுக்குப் போனாள்.

பந்தல் இருந்த இடத்தில் அடுப்புக்கல் மட்டும் கிடந்தது. அங்கிருந்து நிமிர்ந்து பார்த்தாள். சரிவு முழுக்கக் கொழுக்கட்டைப் புல் புதிதாகக் கிளம்பி, ஒன்றும் நடக்காததுபோல் ஆடிக்கொண்டிருந்தது. நடுவில் அவர்கள் நின்றார்கள். மேலே பச்சை. உச்சியில் வெடித்துச் சிவந்த பழம். கீழே கறுப்பு. ஒருவர் விடாமல் அத்தனை பேரும் கருகிய பக்கத்தை அவளுடைய அடுப்பைப் பார்த்தே வைத்திருந்தார்கள். ஆளுயரத்துக்கு மேல் ஏறிய கறுப்பு. நீதான், நீதான் என்று ஒரு மேடே முகத்துக்கு நேராகச் சொன்னதுபோல் இருந்தது.

அவள் ஓடிவிடவில்லை. முதலில் நின்றவரிடம் போய்த் தோலில் கையை வைத்து மன்னிப்புக் கேட்டாள். அடுத்தவரிடம் கேட்டாள். அதற்கும் அடுத்தவரிடம் கேட்டாள். பிறகு கோலைத் தூக்கி ஒரு பழத்தைத் தள்ளினாள். முதல் பழத்தை நெஞ்சில் ஒற்றிக்கொண்டு சதையை எடுத்துத் தின்றாள். வெறும் தோலை, சிவந்த உள்பக்கம் வானத்தைப் பார்க்கும்படி, அவர் காலடியில் வைத்தாள். மழைக்கு அதுதான் அழைப்பு. வைத்துவிட்டு எழ, பிடிமானத்துக்காகக் கையை அவருடைய மறுபக்கம் கொடுத்தாள். கையில் கரி ஒட்டவில்லை. எட்டிப் பார்த்தாள். குட்டையைப் பார்த்த அந்தப் பக்கத்தில் கணுக்கால் அளவுக்குத்தான் கறுப்பு. அதற்கு மேல் பச்சை.

அவளுக்கு ஒரு பிளாஸ்க் நினைவுக்கு வந்தது.

டெல்பர்ட்டுக்கு அப்போது இருபது சொச்சம் வயது. வடக்கே மொன்டானாவில் தீயணைப்பு வேலையில் முதல் சீசனை முடித்துவிட்டு, மார்பை நிமிர்த்திக்கொண்டு வீட்டுக்கு வந்திருந்தான். சாப்பாட்டு மேசையில் காபிப் பிளாஸ்க்கை நிறுத்தி, சிகரெட்டை இழுத்து அதன்மேல் புகையை ஊதினான். புகை முன்னால் நிற்கவில்லை. இரண்டு பக்கமும் சுற்றிப்போய்ப் பின்னால் சுருண்டு மேலே ஏறியது. தீ வர்ற பக்கம்தான் கருகும்னு எல்லாரும் நினைப்பாங்க அக்கா, தப்பு என்றான். காத்து சுத்திக்கிட்டுப் போயி முதுகுலதான் தீய ஏத்தும், மரத்தப் பாத்தாப் போதும், தீ எங்கிருந்து வந்துச்சுன்னு கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுவேன் என்றான். கண்ண மூடிக்கிட்டா மரத்த எப்படிடா பாப்ப என்று அம்மா கேட்டு வீடே சிரித்தது.

கறுப்பு அவளுடைய அடுப்பைப் பார்த்து ஏறியிருந்தது. அப்படியானால் தீ அடுப்பிலிருந்து வரவில்லை. அடுப்பை நோக்கி வந்திருக்கிறது.

பிலோமினா மேலே நடந்தாள். ஒருவர் முன்னால் நின்று பார்த்து, பின்னால் சுற்றிப் போய்ப் பார்த்து, அடுத்தவரிடம் போனாள். எல்லோரும் ஒரே சாட்சிதான் சொன்னார்கள். மேட்டைத் தாண்டி இறங்கினால் குட்டை வேலி. இரும்புக் கேட்டில் டெல்பர்ட்டின் பூட்டு. கேட்டுக்கு உள்ளே வண்டி நிற்கிற இடத்திலிருந்துதான் கரித்தடம் விசிறி மாதிரி விரிந்து கிளம்பியிருந்தது. அதற்கு அந்தப் பக்கம், குட்டையைச் சுற்றி, எதுவும் எரியவே இல்லை. அந்தப் பூட்டுக்கு ஒரே சாவி. அது தம்பியின் இடுப்பில் தொங்கும்.

திரும்பும் வழியில்தான் பெரியவரைப் பார்த்தாள். பாதையோரம் ஐந்து கையோடு நின்றவர். அம்மா அவருக்கு வணக்கம் சொல்லாமல் மேலே ஏறமாட்டாள். இப்போது அவர் விழுந்து, சதை வற்றி, எலும்புக்கூடாகக் கிடந்தார். அதில் நீளமாக இரண்டு எலும்பு குறைந்தது. வெட்டின இடம் இன்னும் வெள்ளையாக இருந்தது. பிலோமினா தன் கையிலிருந்த கோலைப் பார்த்தாள். அதன் அடிமுனையிலும் அதே வெட்டு.

ஆக, அவன் இங்கே வந்திருக்கிறான். வந்து, கறுப்பு எந்தப் பக்கம் ஏறியிருக்கிறதென்று பார்த்திருக்கிறான். அவன் பார்க்காமல் வேறு யார் பார்ப்பார்கள்? பார்த்துவிட்டு, பெரியவரின் எலும்பை வெட்டி, சீவி, கம்பி கட்டி, மேட்டுக்குப் போகாதே அக்கா என்று அவள் கையில் கொடுத்து, அவள் சுட்ட ரொட்டியைத் தின்றுவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வருஷமாக இருந்த குற்ற உணர்ச்சி போய் நிம்மதி வரும் என்றுதானே யாரும் நினைப்பார்கள். வரவில்லை. கொன்றவள் என்று வாழ்ந்ததைவிட, இத்தனை நாளும் யார் கையைப் பிடித்து அழுதோம் என்று தெரிந்ததுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மதியம் வழக்கம்போல ரொட்டிக் கூடையோடு தீயணைப்புக் கொட்டகைக்குப் போனாள். குழு அன்று காலையில்தான் மலையிலிருந்து இறங்கியிருந்தது. நீள மேசையில் எல்லோரும் கரி படிந்த முகத்தோடு உட்கார்ந்து தின்றார்கள். பிலோமினா பரிமாறி முடித்தாள். மேசையிலிருந்த பிளாஸ்க்கை டெல்பர்ட் முன்னால் நகர்த்தி வைத்தாள். இவர்களில் பாதிப்பேர் புதுசாமே, அந்தக் காலத்தில் எனக்குக் காட்டினாயே, சிகரெட்டுப் புகை வித்தை, அதை இவர்களுக்கும் காட்டு என்றாள்.

இன்னைக்கு ரொட்டியோட பாடமும் உண்டா பெரியக்கா என்று மைரன் என்ற குண்டு ஆள் கேட்டான். டெல்பர்ட் சிரித்துக்கொண்டே ஒரு சிகரெட்டை வாங்கிப் பற்ற வைத்தான். பெருமைக்காரன், அவனுக்கு இதெல்லாம் பிடிக்கும். பிளாஸ்க்கைச் சரியாக நிறுத்தி, ஊதி, புகை சுற்றிப் போய்ப் பின்னால் ஏறுவதை விரலால் தொடர்ந்து காட்டினான். காத்து எங்கிருந்து வருதோ அந்தப் பக்கம் கறுப்பு கம்மி, முதுகுலதான் அதிகம், இத மறந்தீங்கன்னா என் குழுவுல இருக்க லாயக்கில்ல என்றான்.

"என் மேட்டுல அத்தனை பேருக்கும் கறுப்பு என் அடுப்பப் பாத்து ஏறியிருக்கு," என்றாள் பிலோமினா. "குட்டைப் பக்கம் பச்சையா இருக்காங்க. அப்ப தீ எங்கிருந்து வந்துச்சு தம்பி?"

மென்றுகொண்டிருந்தவர்கள் மெல்வதை நிறுத்தினார்கள். அத்தனை பேரும் அந்தத் தொழிலில் இருப்பவர்கள். யாருக்கும் விளக்கம் தேவைப்படவில்லை. மைரன் தட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டான். டெல்பர்ட்டின் விரலில் சிகரெட்டு எரிந்துகொண்டே இருந்தது. அவன் எழுந்து அக்காவின் முழங்கையைப் பிடித்து வெளியே கூட்டிப் போனான்.

வண்டி மறைவில் நின்று எல்லாவற்றையும் சொன்னான். அவனுடைய செவலைப் பசு ஒன்று கன்று போட்டிருந்தது. பார்க்கப் போனவன் வண்டியைப் புல்லுக்குள் நிறுத்திவிட்டான். வண்டியின் அடிப்பக்கச் சூட்டுக்குப் புல் பிடித்துக்கொண்டது. இறங்கி, கன்றைப் பார்த்துவிட்டுத் திரும்புவதற்குள் தீ வேலியைத் தாண்டிவிட்டது. புல்லை மாட்டுக்காகத்தான் பிடுங்கவிடாமல் வைத்திருந்தேன் என்பதையும் அவனே சொன்னான்.

"புல்லுக்குள்ள வண்டிய நிறுத்தாதீங்கன்னு ஊரு ஊராப் போயிச் சொல்றவன் நீ."

"அதனாலதான் அக்கா சொல்ல முடியல. தெரிஞ்சா அன்னைக்கே வேலை போயிருக்கும். உன்னை யாரும் எதுவும் பண்ண மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். பண்ண விட்டேனா? நாந்தானே குறுக்க நின்னேன்."

"நீ என் தோள்ல கை வெச்சுக் கேட்ட டெல்பர்ட். அணைச்சியான்னு கேட்ட. கேக்கும்போதே உனக்குத் தெரியும்."

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். அவன் அழுவதைப் பார்த்தும் அவள் மனசு இளகவில்லை. அது அவளுக்கே புதிதாக இருந்தது.

"நான் அவங்க ஒவ்வொருத்தர்கிட்டயும் மன்னிப்புக் கேட்டேன்," என்றாள். "பழுத்து நின்னாங்களேன்னு, மன்னிச்சுட்டாங்கன்னு நெனச்சேன்."

டெல்பர்ட் தலையைக் குனிந்தபடி சொன்னான். "அது மன்னிப்பு இல்ல அக்கா. அடி வெந்துருச்சுன்னா உள்ள இருக்கற தண்ணிய வெச்சுக் கொஞ்ச வருஷம் பூப்பாங்க, காய்ப்பாங்க. அப்புறம் ஒவ்வொருத்தரா விழுந்துருவாங்க. பெரியவர் முதல்ல போயிட்டாரு."

இதுவும் அவனுக்குத் தெரிந்திருந்தது. ஆரம்பத்திலிருந்தே தெரிந்திருந்தது. பிலோமினா வண்டியில் சாய்ந்துகொண்டாள்.

உள்ளே ரேடியோ கரகரத்தது. மேற்கே எங்கோ புகை. ஆட்கள் ஓடிவந்து வண்டியில் ஏறினார்கள். ஏறினவர்கள் கிளப்பாமல் இவர்கள் இருவரையும் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். அக்கா ஒரு வார்த்தை சொன்னால் அவனை இறக்கிவிட்டுப் போய்விடுவார்கள் போலிருந்தது. அவள் அதைச் சொல்லவில்லை. எரிவது யார் வீட்டு மேடோ.

"போ, போயி அணை. வந்ததும் நம்ம மேட்டுக்குப் போ. ஊருக்கு முன்னால நீ எதையும் சொல்ல வேண்டாம். அவங்க முன்னால நின்னு, இது யாரு தீன்னு அவங்ககிட்டச் சொல்லு. நான் அங்க இருப்பேன்."

அவன் தலையாட்டினான். வண்டி போயிற்று.

அந்தத் தீயை அணைத்துக் குழு திரும்பிவிட்டது என்று கேள்விப்பட்டதும் பிலோமினா மேட்டில் போய்க் காத்திருந்தாள். பழம் பறித்துக்கொண்டே காத்திருந்தாள். பெரியவரின் கோலை அவள் தூக்கி எறியவில்லை. அவர் என்ன பாவம் செய்தார்? அடுத்த நாளும் காத்திருந்தாள். டெல்பர்ட் மேட்டு வழியாக வராமல் சுற்றுவழியாக வீட்டுக்குப் போகிறான் என்று வெர்னா வந்து சொன்னாள். மாடுகளைக்கூட வேறு குட்டைக்கு மாற்றிவிட்டானாம்.

அவன் சொல்லாவிட்டால் என்ன, கொட்டகையில் இருந்த வாய்கள் சொல்லிவிட்டன. ஊர் ஒரே வாரத்தில் மாறிற்று. கடையில் பிலோமினாவுக்கு வழி விட்டார்கள். கோயிலில் நாற்காலி போட்டார்கள். வெர்னா ஒரு பானைப் பயறைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, என்ன பேசுவதென்று தெரியாமல் நின்றாள். அவளுக்கு வாய் அடைத்து யாரும் பார்த்ததில்லை. கடைசியில், விடுடி, கூடப் பொறந்தவன், வேற என்ன பண்ண முடியும் என்றாள். அடுப்பு கூடாது என்ற உத்தரவு அப்படியே இருந்தது. டெல்பர்ட்டின் வேலையும் அப்படியே இருந்தது. சீசன் உச்சத்தில் இருக்கிறபோது குழுத்தலைவனை மாற்றுவது நல்லதில்லை என்று யாரோ சொன்னார்கள், எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

இன்னொன்றையும் பிலோமினா கவனித்தாள். இப்போது யாரும் 'பிலோமினா தீ' என்று சொல்வதில்லை. வேறு பெயரும் சொல்வதில்லை. 'போன வருஷத் தீ' என்றார்கள். 'அந்தத் தீ' என்றார்கள். அவளுடையதாக இருந்தவரைக்கும் அதற்குப் பெயர் இருந்தது. அவனுடையது என்று தெரிந்ததும் அது தானாகப் பற்றி எரிந்த தீயாகிவிட்டது. இந்த ஊர் அவனுக்குக் காட்டிய கூச்சத்தில் கால்வாசியை அவளுக்குக் காட்டியிருக்கலாம்.

ஜூலையில் வட்டக் குடிசைக்குப் போனாள். பெண்கள் வரிசையாகப் பாகுப் பானையோடு நின்றார்கள். எதிர்ப்பக்கம் ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள், டெல்பர்ட்டும் இருந்தான். யார் வீட்டுப் பாகு, எந்த மேட்டுப் பாகு என்று கேட்டுக் கேட்டுப் பெரிய தாழியில் ஊற்றிக்கொண்டிருந்த கிழவர், பிலோமினா முறை வந்ததும் இதமாகப் பேசினார். போன வருஷமே நீ வந்திருக்கணும்மா என்றார்.

"போன வருஷத் தீக்குத் தப்பினவங்க குடுத்ததா இது?" என்று பானையைப் பார்த்துக் கேட்டார்.

"தப்பல. செத்துக்கிட்டிருக்காங்க," என்றாள் பிலோமினா. குடிசையில் எல்லோருக்கும் கேட்டது. எதிர்வரிசையில் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். அதே முகம்தான், தோளில் கை வைத்துக் கேட்ட முகம். "செத்துக்கிட்டே குடுத்தாங்க. டெல்பர்ட் தீயில வெந்தவங்க குடுத்தது."

அவள் பானையைத் தானே சாய்த்து, கடைசிச் சொட்டு வரைக்கும் தாழியில் ஊற்றினாள்.